அமைதி அறையில் இடமில்லை

தேர்வுக்கூடத்தின் ஜன்னலோர மின்விசிறிக்கு ஒரு சீக்கு இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் 'க்ரீச்' என்று இழுக்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு 'டொக்' என்று முடிக்கும். கூடத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது காற்று. முயலுக்கு மட்டும் யாரோ கரண்டியால் மண்டையில் தட்டுவது போலிருந்தது.

முயல் என்பது வகுப்புத் தோழிகள் வைத்த பெயர். பக்கத்து வகுப்பில் பேனா மூடி விழுந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் வந்து, "முயல் ரெண்டு காதையும் தனித்தனியாத் திருப்புமாம். என்னால முடியாது. மத்தபடி பொருத்தமாத்தான் இருக்கு, வச்சுக்கோங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டாள்.

ஆட்டிசம் என்று அவளுடைய சின்ன வயதிலேயே மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் அதற்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அலட்டிக்கொள்ள அங்கே வேறு விஷயம் இருந்தது: அவள் அண்ணனுக்குத் தொழில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது.

சத்தம் ஆகாத ஒருத்தியும் சத்தத்தாலேயே பிழைக்கிற ஒருத்தனும் ஒரே கூரையின்கீழ் எப்படியோ குப்பை கொட்டிவந்தார்கள். ஆளுயரப் பெட்டிகள் கூடத்தில் நிற்கும். அவற்றின் தலைமேல் அவளுடைய பாடப்புத்தகங்கள் இருக்கும். மைக்கைச் சோதித்துப் பார்ப்பதென்றால் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து வெற்று மைதானத்துக்குப் போய், ஆடுமாடுகளைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்பான். பதிலுக்குத் தங்கை, எந்தப் பெட்டி எப்போது வாயைப் பிளக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவாள். "அந்தக் கறுப்புப் பெட்டி இருமுது, அண்ணா." மறுநாள் அது இருமும். செத்தும் போகும்.

போன பருவத்தின் புள்ளியியல் தேர்வில்தான் வினை வந்தது. மின்விசிறியை அவள் எப்படியோ பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கண்காணிப்புக்கு வந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில். விசிலுக்குள் ஒரு சின்ன உருண்டை. அவர் நடக்கும்போது அது 'கடகட' என்றது. காலில் புது ஷூ. அது 'கீச், கீச்' என்றது. பாதித் தாளில் முயல் பேனாவை மூடி வைத்தாள், எழுந்தாள், நேராக வெளியே போய் மிதிவண்டிக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா எழுந்து வந்துட்டே?" என்று உடற்பயிற்சி ஆசிரியர் பின்னாலேயே ஓடிவந்தார். கடகட, கீச்.

"உங்க விசில், உங்க ஷூ, அந்த ஃபேன், மூணும் ஒரே தாளத்துல இல்ல சார். ஒரே தாளத்துல இருந்தா சமாளிச்சிருப்பேன்."

அவர் தன் விசிலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். பிறகு 'மாணவி வெளிநடப்பு' என்று மேலிடத்துக்குத் தெரியப்படுத்தினார். ஏதோ சட்டசபையில் நடந்தது போல.

மற்ற எல்லாப் பாடமும் தேறிவிட்டது. புள்ளியியல் மட்டும் போனது. மறுதேர்வு ஒன்று பாக்கி. அதிலும் கவிழ்ந்தால் வருடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். படிப்பது அவளுக்குப் பயமில்லை. புள்ளியியல் புத்தகத்தை அவள் கதைப்புத்தகம் மாதிரி படுத்துக்கொண்டே படிப்பவள். பயம் வேறு. இந்த வகுப்பின் முகங்களையும் குரல்களையும் பழகிக்கொள்ள அவளுக்கு இத்தனை நாள் பிடித்திருந்தது. எந்தத் தோழி எப்போது தும்முவாள், யார் செருப்பைத் தேய்த்து நடப்பாள், யாரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதெல்லாம் இப்போதுதான் மனப்பாடமாகியிருந்தது. அவர்கள் மேலே போய்விடுவார்கள்.

"மறுபடியும் புது ஆளுங்க, அண்ணா" என்றாள் அன்று மாலை. "புதுச் செருப்பு. புதுத் தும்மல்."

அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்திவிட்டான்.

*

புள்ளியியல் பேராசிரியைக்குச் சராசரி மேடம் என்று பெயர். எதையும் சராசரி போட்டுப் பார்த்துதான் நம்புவார். மழை பெய்தால், "சராசரிக்குக் கொஞ்சம் அதிகம்" என்று குடையை விரிப்பார். அவருடைய தைரியமும் அப்படித்தான், கூடாமல் குறையாமல் நடுவாந்திரம். ஆனாலும் முயலின் பாதி விடைத்தாளைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. எழுதிய பாதியில் ஒரு பிழைகூட இல்லை. முயலையும் கூட்டிக்கொண்டு முதல்வரைப் பார்க்கப் போனார்.

முதல்வரைப் பார்ப்பது லேசான காரியமில்லை. அவருடைய அறைக்கு இரட்டைக் கதவு, கதவுக்கு உள்பக்கம் பஞ்சு வைத்த தோல் உறை. தரையில் கணுக்கால் புதையும் கம்பளம். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் முதல்வர் முக்கியமான வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். தலை போகிற காரியமானாலும் யாரும் உள்ளே போகக் கூடாது. அது பெரும்பாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளியே பார்வையாளர்களுக்கு ஒரு பழைய மரப்பெஞ்சு. உட்கார்ந்தால் 'க்ரீச்'. எழுந்தால் 'டொக்'.

"இது நம்ம ஃபேனோட அக்கா" என்றாள் முயல், உட்காராமல் நின்றபடி.

பல்பு அணைந்ததும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. முயல் சட்டென்று நிமிர்ந்தாள். எதுவுமே கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கல்லூரியில், மணியும் விசிலும் கூச்சலுமான கல்லூரியில், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. முதல்வர் பேச ஆரம்பிக்கும்வரை.

"ஒரு சின்ன ரூம் போதும் சார்" என்றார் மேடம். "ஒரு மேசை, ஒரு நாற்காலி. மறுதேர்வு அன்னிக்குக் காலைல மட்டும். அதுகூட வேணாம்னா, அந்த ஹால் ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய்..."

"எண்ணெய்யா?" முதல்வர் புன்னகைத்தார். அவர் அப்போதுதான் ஒரு மாநாட்டிலிருந்து திரும்பியிருந்தார். 'நரம்பியல் பன்முகத்தன்மை', அதாவது மூளைகள் பலவிதம், என்ற சொல்லை அங்கே பிடித்துக்கொண்டு வந்து, எங்கே இறக்கிவைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க எப்பவுமே சின்னதா யோசிக்கிறீங்க. நமக்கு வேணும்கிறது எண்ணெய் இல்ல. தொலைநோக்கு!"

மறுவாரமே குழு அமைந்தது. 'நரம்பியல் பன்முகத்தன்மை அரவணைப்பு உயர்மட்டக் குழு'. பெயரைப் பலகையில் எழுத இடம் போதாமல், 'குழு' மட்டும் சுவரில் தொங்கியது. வரலாற்றுப் பேராசிரியர் செயலாளர். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருங்கிணைப்பாளர்; பிரச்சினையைக் கண்டுபிடித்தவரே அவர்தானாம். முயல் மாணவர் பிரதிநிதி. அவள் எதற்கும் இருக்கட்டும் என்று, அண்ணன் செய்து கொடுத்த காதுறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒட்டும் பஞ்சை வெட்டித் தைத்தது அது. சத்தத்தை உள்ளே அடைக்கிற பஞ்சு, சத்தத்தை வெளியே நிறுத்தவும் உதவியது.

குழு முதலில் பெயர் சூட்டலை எடுத்துக்கொண்டது. 'மௌன மாளிகை' என்றார் ஒருவர். 'சாந்தி நிலையம்' என்றால் பிணவறை மாதிரி ஒலிக்கிறது என்றார் இன்னொருவர். வரலாற்றுப் பேராசிரியர் கற்காலத்தில் மனிதன் எவ்வளவு அமைதியாக இருந்தான் என்பதிலிருந்து ஆரம்பித்து, சக்கரம் கண்டுபிடித்த இடத்துக்கு வருவதற்குள் இரண்டு முறை தேநீர் வந்துபோனது. எல்லாரும் ஒரே நேரத்தில் அமைதியைப் பற்றிப் பேசியதில் முயல் காதுறையை ஏற்றிக்கொண்டாள்.

கடைசியில் முதல்வர் அவள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். அவள் காதுறையை இறக்கினாள்.

"நீ சொல்லும்மா. மனசுல இருக்கிறதைத் தயங்காம சொல்லு."

"தயங்கல சார். நீங்க கேக்கல."

"இப்பக் கேக்கறேன்."

"கதவு சத்தமில்லாம மூடணும். ஒரு மேசை. ஒரு நாற்காலி. வேற யாரும் இருக்கக் கூடாது."

"அடடா!" முதல்வர் நெஞ்சில் கைவைத்தார். "எவ்வளவு ஆழமான வார்த்தைகள்!" எல்லாரும் படபடவென்று கைதட்டினார்கள். காதுறை மறுபடி மேலே ஏறியது.

*

அறை தயாரானது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மெத்துமெத்தென்ற மூட்டை நாற்காலிகள். மங்கலான நீல விளக்கு. போர்த்திக்கொண்டால் கட்டிப்பிடித்தது போல அழுத்துகிற கனத்த போர்வைகள். ஒரு மீன்தொட்டி, அதற்குள் 'குளுகுளு' என்று குமிழி விடும் பம்பு. வாசலில் கைபேசிகளைப் போட ஒரு கூடை. கைபேசியோடு உள்ளே நுழையக் கூடாது. சுவரில் முதல்வரே தன் கையால் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டிய ஆணை: 'உள்ளே ஓய்வில் இருப்பவரை எக்காரணம் கொண்டும் எழுப்பவோ, கேள்வி கேட்கவோ, வெளியேறச் சொல்லவோ கூடாது.'

முயல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மேசை எங்க சார்?"

"மேசைங்கிறது ஒரு மன அழுத்தம்மா" என்றார் முதல்வர் கனிவாக. "அழுத்தத்தை நாம ஒழிச்சிட்டோம்."

"பரீட்சை?"

"மடியில அட்டை வச்சு எழுதிக்கலாம், கண்ணு" என்று மேடம் அவள் காதோரம் கிசுகிசுத்தார். "கிடைச்ச மட்டும் லாபம். வாயைத் திறக்காதே."

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. அமைதி அறையை மேளம் அடித்துத் திறந்தார்கள். மாணவர் இசைக்குழு நாலு எக்காளத்தோடு வந்தது. வாசலில் கட்டியிருந்த பலூன்கள் வெயிலுக்கு ஒவ்வொன்றாக 'பட்', 'பட்' என்று வெடித்தன. ஒலிபெருக்கி ஏற்பாடு முயலின் அண்ணன். ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் அவன் பெட்டிகள் யானைக் குட்டிகள் போல நின்றன.

முதல்வர் பேச எழுந்தார். "அமைதி என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார். மைக் 'கூஊஊய்' என்று கத்தியது. பதில் சொல்லியதாக நினைத்து அவர் மேலே போனார். அமைதி ஒரு கடல் என்றார். அமைதி ஒரு மலை என்றார். உலகத்தில் உள்ள நிலப்பரப்பு எல்லாம் தீர்ந்தபிறகுதான் விடுவார் போலிருந்தது. முன்வரிசையில் பிரதிநிதியாக உட்காரவைக்கப்பட்ட முயல், காதுறைமேல் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். உதட்டில் நிறமே இல்லை.

அண்ணன் பார்த்தான். குனிந்து, மேடைக்கு அடியில் கையை விட்டு, ஒரு ஒயரைப் பிடுங்கினான்.

முதல்வருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கை ஏறியது, இறங்கியது, வாய் திறந்தது, மூடியது. ஒரு வார்த்தைகூடக் கீழே வரவில்லை. மக்கள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு காற்று வந்தது. எங்கேயோ ஒரு காகம் இறக்கையை உதறிக்கொண்டது. முயல் கண்ணைத் திறந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். உரை முடிந்ததும் எழுந்த கைதட்டலைப் போல அந்தக் கல்லூரி அதுவரை கேட்டதில்லை. முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வாழ்நாள்ல பேசின பேச்சிலேயே இதுதான் உச்சம்" என்றார் இறங்கி வந்து.

"ஆமா சார்" என்றாள் முயல். அவள் பொய் சொல்பவள் இல்லை.

*

மறுநாள் பழகிப் பார்க்கலாம் என்று அட்டையோடு அமைதி அறைக்குப் போனாள். உள்ளே வரலாற்றுப் பேராசிரியர் ஒரு மூட்டையில் கிடந்தார்.

"வசதியெல்லாம் சரியா இருக்கான்னு பரிசோதிக்கிறேன்மா" என்றார் கண்ணைத் திறக்காமல். "செயலாளர் பொறுப்பு."

அதற்கு மறுநாள் உடற்பயிற்சி ஆசிரியரும் பரிசோதனைக்கு வந்துவிட்டார். விஷயம் ஆசிரியர்கள் மத்தியில் தீயாகப் பரவியது. அங்கே கைபேசி கிடையாது, ஆகவே முதல்வர் கூப்பிட முடியாது. எழுப்பக் கூடாது, ஆகவே வகுப்பு எடுக்கச் சொல்ல முடியாது. அதுவும் முதல்வர் கையெழுத்தோடு! அந்த வாரக் கடைசிக்குள் வாசல் கூடை கைபேசிகளால் நிரம்பி வழிந்தது. ஒருவர் வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து அதில் தன் பெயரைத் தைத்து வைத்தார்.

"மாணவர்களுக்காகத்தானே கட்டினது?" என்று முயல் கேட்டாள்.

"நாங்களும் ஒரு காலத்துல மாணவர்கள்தானேம்மா" என்றது ஒரு போர்வை.

ஒரு மத்தியானம் உள்ளே எட்டிப் பார்த்தபோது மூலை மூட்டையில் சராசரி மேடமே உட்கார்ந்திருந்தார். முயலைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம்தான் கண்ணு வந்தேன்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மேடம். ஒரு நிமிஷத்தோட சராசரி இங்க ரொம்ப நீளமா இருக்கு."

மேடம் போர்வையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"பரீட்சை அன்னிக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பரீட்சை நாளும் வந்தது. அதே நாளில்தான், 'அரவணைக்கும் கல்லூரி' விருதுக்காகப் பார்வைக் குழு ஒன்றும் வருவதாக இருந்தது. விருதுக்கு விண்ணப்பித்ததே முதல்வர்தான். காலையிலேயே வந்துவிட்டார். வரவேற்புரையை ஒரு தடவை தனியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று, பாவம், அமைதி அறைக்குள் நுழைந்திருக்கிறார்.

அண்ணனை வெளி வராந்தாவில் நிறுத்திவிட்டு முயல் மேடத்தோடு வந்து கதவைத் தள்ளினாள். நீல வெளிச்சத்தில் அறை முழுக்கப் போர்வை மேடுகள். வரலாற்றுப் பேராசிரியர் கற்காலக் குகை மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை வாயில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார். மூச்சுக்கு ஒரு தடவை 'ஃபீ' என்றது. மீன்தொட்டி 'குளுகுளு' என்றது. நடுவில், ஒரு கையில் வரவேற்புரையோடு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு முதல்வர்.

முயல் காதுறையைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"இதுவும் ஒரே தாளத்துல இல்ல மேடம்."

மேடத்துக்குக் கைகால் ஓடவில்லை. கேள்வித்தாள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எழுப்பிடறேன்... ஆனா அந்த போர்டு... அவரே எழுதினது. எழுப்பினா அவர் ஆணையை மீறினதா ஆயிடும். எழுப்பலன்னா உன் பரீட்சை... ஐயோ, நேரம் வேற ஆயிடுச்சே! தேர்வுக்கூடத்துக்கே போயிடலாமா?"

"அங்க ஃபேன் இருக்கு."

"அணைச்சிடலாம்!"

"அணைச்சா மத்த மறுதேர்வுப் பசங்க வேர்த்து உஸ்ஸு உஸ்ஸுன்னு ஊதுவாங்க. தனித்தனித் தாளத்துல."

மேடத்தின் கண்ணில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. முயல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பொதுவாகவே யார் முகத்தையும் பார்ப்பதில்லை, காது மடலைத்தான் பார்ப்பாள். மேடத்தின் காது மடலைப் பார்த்தபடி யோசித்தாள்.

"மேடம், பிரின்சிபல் இங்க இருக்கார்."

"தெரியுதே, கண்ணு."

"அப்ப அங்க இல்ல."

"எங்க?"

"அவர் ரூம்ல. அங்க மேசை இருக்கு. நாற்காலி இருக்கு. கதவு சத்தமில்லாம மூடும். வேற யாரும் இல்ல. நான் கேட்டதெல்லாம் அங்கதான் இருக்கு."

மேடம் பேயறைந்தது போல நின்றார். "அது... பிரின்சிபல் ரூம்மா! வேலையே போயிடும்!"

"எனக்கு வருஷம் போயிடும்" என்றாள் முயல். குரலை உயர்த்தவில்லை. அவள் எதற்கும் குரலை உயர்த்துவதில்லை.

சராசரி மேடம் ஒரு நிமிடம் போர்வை மேடுகளைப் பார்த்தார். ஒரு நிமிடம் முயலின் கையிலிருந்த பரீட்சை அட்டையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நட."

முதல்வரின் அறைக்குள் நுழைந்ததும் மேடம் இரட்டைக் கதவைச் சாத்தினார். மேசையின் ஓரத்தில் இருந்த பொத்தானை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அமுக்கினார். வெளியே சிவப்பு பல்பு எரிந்தது. தொலைபேசியின் ஒயரைக் கழற்றினார். மூலையில் ஒரு நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முயல் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. காதுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கேட்டுப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

எழுத ஆரம்பித்தாள்.

*

வெளியே நடந்ததெல்லாம், அமைதி அறைக்கும் முதல்வர் அறைக்கும் நடுவே வராந்தாவில் நின்ற அண்ணன் பிறகு வீட்டில் நடித்துக்காட்டியது.

பார்வைக் குழு வந்திருக்கிறது. தலைவியம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். சிவப்பு பல்பைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், க்ரீச். "எப்படி உழைக்கிறார் பாருங்க, பல்பு அணையவே மாட்டேங்குது" என்று தலைவியம்மா உருகியிருக்கிறார். காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, "நாமே போய் அமைதி அறையைப் பார்த்துடலாம்" என்று எழுந்திருக்கிறார்கள், டொக். கைபேசிகளைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனவர்கள், மூட்டையின் தரத்தைப் பரிசோதிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். போர்வையின் கனத்தைப் பரிசோதிக்கப் போர்த்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒருவரும் வெளியே வரவில்லை.

"அப்புறம் உங்க பிரின்சிபல் வந்தார் பாரு!" அண்ணன் விரல்நுனியில் நடந்துகாட்டினான். "முழிச்சுப் பாத்தா பக்கத்துல தலைவியம்மா தூங்குது! மனுஷன் போர்வையோட ஓடி வர்றார். வந்தா அவர் ரூம்லயே பல்பு எரியுது!"

முதல்வர் தன் வாழ்நாளில் அந்த பல்பை வெளியே நின்று பார்த்ததில்லை. அது இவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கைப்பிடியில் கையை வைத்தார், எடுத்தார். கதவு ஒரு விரற்கடை திறந்தது. சராசரி மேடத்தின் ஒரு கண் தெரிந்தது.

"உள்ள யாரு?"

"பரீட்சை நடக்குது சார்."

"என் ரூம்லயா? யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேக்கத்தான் சார் வந்தோம். நீங்க ஓய்வுல இருந்தீங்க. எழுப்பக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

முதல்வரின் வாய் திறந்தது, மூடியது. ஒயரைப் பிடுங்கியது போலவே, ஒரு வார்த்தையும் வரவில்லை.

"பார்வைக் குழுவை நான் எங்க உக்கார வச்சுப் பேசறது?"

"அவங்களையும் எழுப்பக் கூடாது சார்." மேடத்தின் அந்த ஒற்றைக் கண்ணில் அதுவரை இல்லாத ஒன்று இருந்தது. சராசரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. "அங்க பெஞ்சு இருக்கு. சத்தம் போடாம உக்காருங்க."

கதவு மூடியது. முதல்வர் உட்கார்ந்தார்.

க்ரீச்.

பக்கத்தில் நின்ற அண்ணன் உதட்டில் விரலை வைத்தான். முதல்வர் அப்படியே உறைந்தார். மூக்கு அரித்தது; சொறியவில்லை. கால் மரத்தது, நீட்டவில்லை. நீட்டினால் பெஞ்சு என்ன செய்யும் என்று அதற்குள் தெரிந்துபோயிருந்தது.

உள்ளே முயல் கடைசிக் கேள்விக்கு அடிக்கோடு போட்டாள். எல்லாத் தாளையும் ஒரே மட்டமாகத் தட்டி அடுக்கி மேடத்திடம் நீட்டினாள். மேடம் ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். சராசரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

"சளியா மேடம்?"

"ஆமா, கண்ணு."

பல்பு அணைந்தது. முயல் கதவைத் திறந்தாள். பெஞ்சில் போர்வையும் கையுமாக முதல்வர் சிலை போல உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் உதடு அசையாமல்.

"முடிஞ்சது சார். நீங்க இப்ப அசையலாம்."

அவர் எழுந்தார். டொக். திரும்பிப் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். "இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

"எப்பவும் போடும் சார். நீங்க உள்ள இருப்பீங்க."

*

முயல் தேறிவிட்டாள், அதுவும் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அவளுடைய தும்மல்களும் செருப்புகளும் தோழிகளும் அவளை விட்டுப் போகவில்லை. அடுத்த பருவத்திலிருந்து அவளைப் போன்றவர்களுக்குப் பரீட்சை முதல்வர் அறையில்தான் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. முதல்வருக்கும் மறுப்பில்லை, அன்றைக்கெல்லாம் அவருக்கு அமைதி அறையில் ஒரு மூட்டை ஒதுக்கப்படும். அந்தப் பெஞ்சுக்கு மறுநாளே எண்ணெய் போட்டார்கள். டப்பாவில் மிச்சம் இருந்ததே என்று மின்விசிறிக்கும் ரெண்டு சொட்டு விட்டார்கள். வாயடைத்துப் போனது.

விருதும் கிடைத்தது. 'நாங்கள் பார்வையிட்ட கல்லூரிகளிலேயே இவ்வளவு ஆழ்ந்த அமைதியை வேறெங்கும் அனுபவித்ததில்லை' என்று பார்வைக் குழு மனமார எழுதியிருந்தது. அதைக் கொண்டாட மறுபடி விழா, மறுபடி மேடை, மறுபடி அண்ணனின் பெட்டிகள்.

மேடையேறுவதற்கு முன் முதல்வர் முயலிடம் வந்து குனிந்தார். ஆள் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தார்.

"எவ்வளவு நேரம் பேசலாம்னு நீயே சொல்லும்மா. உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாது பாரு."

முயல் அவருடைய காது மடலைப் பார்த்தாள். மேடைக்கு அடியில், ஒயர்களுக்குப் பக்கத்தில், குந்தி உட்கார்ந்திருந்த அண்ணனையும் பார்த்தாள்.

"நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க சார்" என்றாள். "அண்ணன் பாத்துக்குவான்."